கேட்டது கேஸ்கெட், வந்தது குக்கர்

குக்கர் ரப்பர் தளர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பது சமையலறைக்குள் நுழைகிற எவருக்கும் தெரியும். விசில் வராது, மூடியின் ஓரமாக ஆவி சீறிக்கொண்டு போகும், பருப்பு அரைவேக்காட்டில் நிற்கும். புது ரப்பரின் விலை அற்பம். அதை இணையக் கடையில் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. 'குக்கர் ரப்பர்' என்று தட்டினால் பளபளக்கும் குக்கர்கள் அணிவகுக்கும். 'கேஸ்கெட்' என்று மாற்றினால் இடையிடையே சில வளையங்கள் தலைகாட்டும். எந்த வளையம் எந்த மூடிக்கு என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது. '5 லிட்டர்' என்று சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஐந்து லிட்டர் கொள்ளும் எதுவும், வாளி உட்பட, வந்து நிற்கும்.

இதே ரப்பரைக் கேட்டுப் பாத்திரக் கடைக்குப் போனால், கல்லாவில் இருப்பவர் மூன்று கேள்வி கேட்பார். "எந்தக் கம்பெனி? எத்தனை லிட்டர்? மூடி உள்பக்கம் போடுறதா, வெளிப்பக்கமா?" நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள், ஆணியில் தொங்கும் கொத்திலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்துவிடுவார். அவர் செய்ததைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வேலைகள் தெரியும். நாம் சொன்ன சொல்லைச் சரக்கின் பெயராக மாற்றிக்கொண்டார். இரண்டு சொற்களில் எது பொருள், எது அடைமொழி என்று புரிந்துகொண்டார். விட்டுப்போன விவரங்களைக் கேட்டு வாங்கினார். நான்காவதாக, ரப்பர் கேட்டு வந்தவரிடம் குக்கரை விற்கப் பார்க்கவில்லை.

முதல் மூன்று வேலைகளையும் இயந்திரத்தைக் கொண்டு செய்விப்பது எப்படி என்பதை ஆராயும் துறைக்குத் தகவல் மீட்பியல் என்று பெயர். இணையக் கடைகள் பிறப்பதற்கு முன்பே அதன் அடிப்படைகள் வகுக்கப்பட்டுவிட்டன. ஆகவே கடைத் தேடல் சொதப்பும்போதெல்லாம் 'தொழில்நுட்பம் இன்னும் வளரவில்லை' என்று சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி அந்த நான்காவது வேலையில் இருக்கிறது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ஜார்ஜ் ஃபர்னஸ், தாமஸ் லேண்டாவர், லூயி கோமெஸ், சூசன் டூமே ஆகிய நால்வரும் 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினிக் கட்டளைகள், சமையல் குறிப்புகள், வரி விளம்பரத்தில் விற்கக்கூடிய பொருள்கள் என்று பலவற்றைக் காட்டி, 'இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?' என்று ஆட்களைக் கேட்ட ஆய்வு அது. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரியவந்தது. அதாவது, வடிவமைப்பவர் தன் அறையில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்து ஒரு பெயர் வைத்தாலும், தேடி வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வேறு பெயரைச் சொல்வார்கள். இதற்கு அவர்கள் சொன்ன மருந்து எளிமையானது: ஒவ்வொரு பொருளுக்கும் மக்கள் சொல்லும் எல்லாப் பெயர்களையும் பதிந்து வையுங்கள்.

இந்த மருந்தை இணையக் கடைகளில் விற்பவர்கள் தாங்களே எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள், அதுவும் அளவில்லாமல். ஒரு ரப்பர் வளையத்தின் தலைப்பில் கேஸ்கெட், சீலிங் ரிங், வாஷர், குக்கர் உதிரிபாகம், அலுமினியம், ஸ்டீல், 3 லிட்டர், 5 லிட்டர், 7 லிட்டர், சமையலறைப் பரிசு என்று எல்லாமே இருக்கும். எல்லாப் பெயரும் எல்லாப் பொருளுக்கும் இருந்தால், எந்தப் பெயரும் எதையும் பிரித்துக் காட்டாது.

எழுத்துக்கூட்டல் அடுத்த சிக்கல். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணும் முறையை ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஃபிரெடரிக் டாமெரோ, தட்டச்சுப் பிழைகளில் சுமார் 80 சதவீதம் ஒரே ஒரு எழுத்துத் தவறுதான் என்று காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்தால் பிழை திருத்தி கிடைத்துவிடும். ஃபிளிப்கார்ட்டும் அமேசான் இந்தியாவும் 2020இல் தமிழ் முகப்பைத் திறந்தபோது இந்தப் பழைய கணக்குக்குப் புதிய வேலை வந்தது. கேஸ்கெட், கேஸ்கட், காஸ்கெட் என எல்லாமே ஒன்றுதான் என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். தமிழில் எழுதுவோர், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவோர், இரண்டையும் கலப்போர் என்று ஒரே வீட்டில் மூன்று விதமான ஆட்கள் இருப்பார்கள்.

ஆனால் இதே கணக்கு உதிரிபாக எண்களைத் தொட்டால் விபரீதம். மிக்ஸியின் மாடல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அது எழுத்துப்பிழை ஆகாது. அது வேறு மிக்ஸி. அதன் கப்ளர் இதில் பொருந்தாது. தேடுபவர் எண்ணைத் துல்லியமாகத் தட்டியிருப்பார். அந்தப் பொருள் கடையில் இருக்காது. 'இல்லை' என்று சொல்வதற்குப் பதிலாக, ஓர் இலக்கம் தள்ளியிருக்கும் இன்னொன்றைக் கடை நீட்டும். பொருள் வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் விஷயம் விளங்கும்.

*

சொல்லைச் சரிசெய்த பிறகு இயந்திரம் என்ன செய்கிறது? ஒரு கோடிப் பொருள்களின் விவரங்களை வரிசையாகப் படித்துப் பார்க்க நேரம் கிடையாது. அதனால் முன்கூட்டியே ஓர் அடைவு தயாரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அந்தச் சொல் வரும் பொருள்களின் எண்கள். 'குக்கர்' பட்டியலையும் 'கேஸ்கெட்' பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் உள்ள எண்களைப் பொறுக்கினால் போதும். இது சில மில்லி நொடி வேலை. கடினமான வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது: பொறுக்கியதில் எதை மேலே வைப்பது?

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் இதற்கு ஒரு விடை தந்தார். எல்லா இடத்திலும் காணப்படும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அரிதாக வரும் சொல்லே தேடுபவரின் மனதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே அரிய சொல்லுக்கு அதிக எடை. 'குக்கர்' என்ற சொல் குக்கர், குக்கர் ஸ்டாண்டு, குக்கர் பாத்திரம், ரைஸ் குக்கர் என்று ஆயிரக்கணக்கான பொருள்களில் இருக்கும். 'கேஸ்கெட்' சில நூறில் மட்டும். எனவே கேஸ்கெட்டே மேலே வர வேண்டும். கணினிகள் அட்டைத் துளைகளைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட இந்தச் சூத்திரம், மேம்படுத்தப்பட்ட வடிவில் இன்றும் பெரும்பாலான தேடுபொறிகளுக்குள் ஓடுகிறது. அதைத் தன்போக்கில் வேலை செய்ய விட்டாலே குக்கர்கள் கீழே போய்விடும்.

பிறகு ஏன் அவை மேலே வருகின்றன? முதல் காரணம், வெற்றுப் பக்கத்தைக் கண்டு கடைக்கு வரும் பயம். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் இருந்த விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன் 1950களிலும் 60களிலும் நடத்திய சோதனைகளில் ஓர் இழுபறி தெளிவாகத் தெரிந்தது. தொடர்புள்ள எதையும் விட்டுவிடக் கூடாது என்று வலையை விரித்தால் குப்பையும் சேர்ந்து வரும். குப்பையே கூடாது என்று இறுக்கினால் நல்லதும் சில தப்பிப் போகும். துல்லியமும் முழுமையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். நூலகர் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் தேடுவார். கடைக்காரர் அப்படித் தேடுவதில்லை. 'இங்கே எதுவும் இல்லை' என்ற பக்கத்தைப் பார்த்தவர் போய்விடுவார் என்ற அச்சத்தில் வலையை எப்போதும் விரித்தே வைக்கிறார். கேட்ட எல்லாச் சொற்களும் பொருந்தாவிட்டால் ஏதாவது ஒரு சொல் பொருந்தினாலும் போதும் என்று விதியைத் தளர்த்துகிறார். ஐந்து லிட்டர் வாளி அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

'விலை குறைந்தது முதலில்' என்ற பொத்தானை அழுத்தியவர்கள் இந்த வலையின் அகலத்தைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். அதுவரை பரவாயில்லாமல் தெரிந்த பட்டியல் சட்டென்று ஸ்டிக்கர்களும் திருகாணிகளும் காலியான உறைகளுமாக மாறிவிடும். கடை ஏமாற்றுகிறது என்று தோன்றும். நடந்தது வேறு. முதலில் இருந்த வரிசை பொருத்த மதிப்பெண்படி அடுக்கியது; உதவாத சரக்கு பட்டியலின் அடியில், யாரும் எட்டாத பக்கங்களில் கிடந்தது. விலைப்படி அடுக்கச் சொன்னதும் இயந்திரம் அந்த மதிப்பெண்ணைத் தூக்கி எறிந்துவிட்டது. வலையில் சிக்கிய பல்லாயிரத்தில் மலிவானவை மேலே மிதக்கின்றன. அடுக்குவதற்கு முன் குறைந்த மதிப்பெண் உள்ளவற்றை வெட்டிவிட்டால் பிரச்சினை தீரும். வெட்டினால் '40,000 பொருள்கள்' என்று தலைப்பில் பெருமையாகப் போட முடியாது.

இரண்டாவது காரணம் புதிது. 2013க்குப் பிறகு, சொற்களை எண்களின் வரிசையாக மாற்றி, பொருள் நெருக்கத்தைத் தூரமாக அளக்கும் முறை பரவியது. சொற்கள் பொருந்தாவிட்டாலும் அர்த்தம் பொருந்தினால் பிடித்துவிடும். 'ரப்பர்' என்று தேடுகிறவருக்கு 'சீலிங் ரிங்' கிடைப்பது இதனால்தான், நன்மை பெரிது. ஆனால் இந்த முறை நெருக்கத்தை எங்கிருந்து கற்கிறது? சேர்ந்து வருவதிலிருந்தும், சேர்ந்து பார்க்கப்படுவதிலிருந்தும், சேர்ந்து வாங்கப்படுவதிலிருந்தும் கற்கிறது. அந்தக் கணக்கில் கேஸ்கெட்டுக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பது குக்கர்தான். மேலும், மறுப்புச் சொல் இந்த முறைக்குச் சரியாக எட்டுவதில்லை. 'கோடு இல்லாத சட்டை' என்று கேட்டால் கோடு போட்ட சட்டைகள் வரும். பழைய முறை 'இல்லாத' என்பதைச் சில்லறைச் சொல் என்று உதறிவிடும். புதிய முறைக்கு 'கோடு உள்ள சட்டை'யும் 'கோடு இல்லாத சட்டை'யும் பக்கத்துப் பக்கத்து வீடு.

பொறியாளர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அமேசானின் ஆய்வாளர்கள் 2022இல் சுமார் 1,30,000 தேடல்களைக் கொண்ட தரவுத் தொகுப்பு ஒன்றைப் பொதுவில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு தேடலுக்கும் வந்த பொருள்களை ஆட்களை வைத்து நான்கு வகையாகப் பிரித்திருந்தார்கள்: கேட்டதே வந்தது, மாற்றாக ஏற்கத்தக்கது, கேட்டதோடு சேர்த்துப் பயன்படுத்துவது, சம்பந்தமில்லாதது. குக்கர் கேட்டவருக்குக் கேஸ்கெட்டும் கேஸ்கெட் கேட்டவருக்குக் குக்கரும் மூன்றாவது வகையில் விழும். சிக்கலுக்குப் பெயரிட்டு, அளந்து, போட்டியும் நடத்தியாகிவிட்டது.

*

கல்லாக்காரரின் மூன்றாவது வேலை கேள்வி கேட்பது. இதற்கான கோட்பாடு தமிழ்நாட்டுக்காரர் ஒருவருடையது. அது பிறந்ததிலும் ஒரு கடைக்குப் பங்கு இருக்கிறது.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டு, நூலகவியல் படிக்க லண்டன் அனுப்பப்பட்டார். அப்போது வழக்கிலிருந்த வகைப்பாடுகள் உலகத்து அறிவையெல்லாம் ஒரே மரமாக வரைந்து, ஒவ்வொரு நூலையும் ஏதாவது ஒரு கிளையில் மாட்டச் சொன்னவை. இரண்டு கிளைகளுக்கு உரிய நூல் வந்தால் திண்டாட்டம். லண்டன் செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியின் செயல்விளக்கத்தைப் பார்த்தபோது அவருக்கு வழி புலப்பட்டது. ஒரே தகடுகளும் திருகாணிகளும் சேரும் விதத்தில் வெவ்வேறு பொம்மைகளாயின. நூலின் பொருளையும் அப்படி உறுப்புறுப்பாகப் பிரித்து வைத்து, வேண்டியபோது கோத்துக்கொள்ளலாம். 1933இல் வெளியான அவருடைய கோலன் வகைப்பாடு இந்த யோசனையில் எழுந்தது. ஒரு பொருளை அதன் முகங்களால் விவரிப்பது என்பதே அதன் சாரம்.

இணையக் கடையின் இடப்பக்கத்தில் நிறம், அளவு, கம்பெனி, விலை என்று பெட்டிகள் வரிசையாக நிற்கின்றனவே, அவை ரங்கநாதனின் முகங்கள்தான். 2000களின் தொடக்கத்தில் பெர்க்லியில் மார்ட்டி ஹெர்ஸ்ட் குழுவினர் முகவழித் தேடலைத் திரையில் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான தேடல் முறையைவிட மக்களுக்கு அது பிடித்தது. கடைகளும் பற்றிக்கொண்டன. அறிவுலகுக்காகச் செய்யப்பட்ட கருவி, முக்கால் நூற்றாண்டில் செல்ஃபிரிட்ஜஸ் போன்ற கடைகளின் வேலைக்கே திரும்பி வந்துவிட்டது.

ஆனால் ரங்கநாதனின் முறையில், ஒவ்வொரு நூலையும் பயிற்சி பெற்ற ஒருவர் படித்துப் பார்த்து அதன் முகங்களை எழுதுவார். இணையச் சந்தையில் அந்தக் கட்டங்களை நிரப்புவது விற்பவர். அவருக்கு அவசரம். 'மூடி வகை' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். நீங்கள் 'உள்மூடி' என்ற பெட்டியை டிக் செய்தால், காலியாக விட்ட பொருள்களெல்லாம், உள்மூடிக்கே உரியவை உட்பட, மறைந்துவிடும். வடிகட்டினால் நல்லது போகும், வடிகட்டாவிட்டால் குப்பை நிற்கும். கிளெவர்டனின் இழுபறி புறவாசல் வழியாக மீண்டும் நுழைகிறது.

இதைச் சரியாகச் செய்துகாட்டும் கடையும் இருக்கிறது. அமெரிக்காவில் 1901இல் சிகாகோவில் தொடங்கிய மக்மாஸ்டர்-கார் நிறுவனம் தொழிற்சாலைகளுக்குத் திருகாணி, குழாய், வால்வு, ரப்பர் வளையம் விற்கிறது. சுமார் ஏழு லட்சம் வகைகள். அதன் தளம் பார்வைக்கு மஞ்சள் அட்டைப் பட்டியல் போலத்தான் இருக்கும். பெரிய படங்கள் இல்லை, நகரும் பட்டைகள் இல்லை. கோட்டுப் படங்களும் அளவு அட்டவணைகளும் மட்டும். வளையம் என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், தாங்கும் வெப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக் குறுக்கிவிடும். பொறியாளர்கள் அந்தத் தளத்தைப் பற்றிப் பேசினால் காதலைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். ரகசியம் தேடல் சூத்திரத்தில் இல்லை. விவரங்களை நிறுவனமே எழுதுகிறது. பக்கத்தில் இடம் வாங்க விற்பவர்கள் போட்டி போடுவதில்லை. வருகிறவருக்குப் பாகம் உடனே கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய இயந்திரம் நின்றுவிடும் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். ஆம், எல்லாரும் வாங்கும் கடையாக அதை நடத்த முடியாது. விலையும் மலிவல்ல.

*

இனி நான்காவது வேலை. மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக் குழுவைச் சேர்ந்த ரான் கோஹாவியும் சக ஆய்வாளர்களும் 2012இல் ஒரு விநோத நிகழ்வைப் பதிவு செய்தார்கள். ஒரு சோதனையின்போது நிரலில் நேர்ந்த பிழையால் ஒரு பகுதிப் பயனர்களுக்கு மிக மோசமான தேடல் முடிவுகள் காட்டப்பட்டன. அளவீடுகளைப் பார்த்தால் கொண்டாட்டம்: ஒருவர் செய்யும் தேடல்களின் எண்ணிக்கை 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது, ஒருவரால் கிடைக்கும் வருமானம் 30 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது.

காரணம் யோசித்தால் எளிது. தேடியது கிடைக்காதவர்கள் திரும்பத் திரும்பத் தேடினார்கள். உண்மையான முடிவுகள் பயனற்றுப் போனதால், அவற்றின் அருகிலிருந்த விளம்பரங்கள் ஒப்பீட்டளவில் நல்லவையாகத் தெரிந்தன, அவற்றை அழுத்தினார்கள். நிறுவனம் அதுவரை நம்பியிருந்த இரண்டு அளவுகோல்களும் 'தேடலைக் கெடுங்கள்' என்று பரிந்துரைத்தன. ஆய்வாளர்கள் அளவுகோலை மாற்றினார்கள். ஒருவர் ஒரே அமர்வில் எத்தனை முறை தேடுகிறார் என்பது குறைய வேண்டும். எத்தனை முறை திரும்ப வருகிறார் என்பது கூட வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சோதனையை நினைவில் வைக்க வேண்டுமென்றால் நான் இதைச் சொல்வேன். கடைத் தேடலைப் பற்றிய புகார்களில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

ஏனென்றால் கடைகளில் அளவுகோல் இன்னும் எளிதாகப் பிசகும். அழுத்தியதை வைத்துக் கற்கும் இயந்திரம், மேலே இருந்ததால் அழுத்தினார்களா, நன்றாக இருந்ததால் அழுத்தினார்களா என்று பிரித்தறியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் யோவாகிம்ஸ் குழு 2005இல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், கூகுள் முடிவுகளைத் தலைகீழாக அடுக்கிக் காட்டியபோதும் பலர் மேலே இருந்ததையே அழுத்தினார்கள். குக்கரை ஒரு தடவை மேலே வைத்துவிட்டால் சிலராவது அதை அழுத்துவார்கள். அழுத்தியதால் அது மேலேயே தங்கும். விற்றால் கேஸ்கெட்டைவிடப் பல மடங்கு பணம். வருமானத்தைக் கூட்டச் சொல்லிப் பழக்கிய சூத்திரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்கு மேல் விளம்பரம். அமேசான் தன் விளம்பர வருமானத்தை முதன்முறையாகத் தனியே காட்டியபோது, 2021ஆம் ஆண்டுக்கு அது சுமார் 3,100 கோடி டாலர். 2024இல் சுமார் 5,600 கோடி. வீடியோ போன்றவையும் இதில் அடக்கம் என்றாலும், பெரும்பகுதி தேடல் பக்கத்தில் விற்கப்படும் இடங்களிலிருந்து வருவது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 17 மாநிலங்களுடன் சேர்ந்து 2023 செப்டம்பரில் தொடுத்த வழக்கில், சம்பந்தமில்லாத விளம்பரங்களைத் தெரிந்தே நிறைத்துத் தேடலைக் கெடுத்தது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. நிறுவனம் மறுக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும், தேடுபவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வரிகளில் விற்ற இடங்களுக்கு மதிப்பு இல்லை என்பது கூட்டல் கழித்தல் கணக்கு.

*

தேடல் கைவிட்டாலும் வாடிக்கையாளருக்கு இன்னொரு துணை உண்டு: பழக்கம். அடிக்கடி வருகிறவர் தேடல் பெட்டியைத் தொடுவதேயில்லை. மேலே இரண்டாவது பட்டை, அதில் மூன்றாவது வரி, பழைய ஆர்டர், மறுபடி வாங்கு. தளத்தை மாற்றியமைக்கும்போது கடை அழிப்பது இதைத்தான்.

இதன் உளவியல் நாம் நினைப்பதைவிட ஆழமானது. மார்வின் சன், யூஹோங் ஜியாங் இருவரும் 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் சிதறிக் கிடக்கும் ஆங்கில 'எல்' எழுத்துகளுக்கு நடுவே ஒரு 'டி'யைக் கண்டுபிடிக்க வேண்டும். சில சிதறல்கள் மட்டும் அவ்வப்போது மறுபடி மறுபடி வரும். பங்கேற்றவர்கள் அந்தச் சிதறல்களில் வேகமாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் எந்தச் சிதறல் முன்பு வந்தது என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. கண் கற்றுக்கொண்டது, தான் கற்றதை அது ஆளிடம் சொல்லவில்லை. பின்வந்த சோதனைகளில், பழகிய சிதறலுக்குள் இலக்கை மட்டும் இடம் மாற்றியபோது அந்த வேகம் போய்விட்டது. புது இடத்தைக் கற்பது மந்தமாக நடந்தது.

ஒரு கடை புது வடிவத்துக்கு மாறியதும் 'என்ன பிடிக்கவில்லை?' என்று கருத்துக் கேட்டால், வாடிக்கையாளரால் உருப்படியாக எதையும் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். நிறம் சரியில்லை, எழுத்து பெரிது என்று கையில் கிடைத்ததைச் சொல்வார். இழந்தது எது என்று அவருக்கே தெரியாது. வடிவமைப்பாளர் அதைக் கேட்டு, 'ஜனங்களுக்கு மாற்றமே பிடிக்காது, பழகிவிடும்' என்று முடிவுகட்டுவார்.

பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விஷயத்தில் அந்த முடிவின் விலை வெளியில் தெரிந்தது. 2007 முதல் அமேசானின் தளத்தின்மீது இயங்கிவந்த அதன் இணையக் கடை, 15 கோடி பவுண்டு செலவில் சொந்தத் தளமாக மாறி 2014 பிப்ரவரியில் திறந்தது. பத்திரிகை போன்ற தோற்றம், பெரிய படங்கள், ஆடை ஆலோசனைக் கட்டுரைகள். பழைய வாடிக்கையாளர்கள், ஏறக்குறைய 60 லட்சம் பேர், மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஜூன் இறுதியில் முடிந்த காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. புதுத் தளம் நிலைகொள்ளச் சில மாதங்கள் ஆகும் என்றது நிர்வாகம். 2015 மார்ச்சில் முடிந்த காலாண்டில் வளர்ச்சி திரும்பியது உண்மைதான். ஆனால் அந்த வளர்ச்சி எதனோடு ஒப்பிடப்பட்டது என்று பாருங்கள். முந்தைய ஆண்டின் அதே காலாண்டின் பின்பாதியில் புதுத் தளம் ஏற்கெனவே வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலான மாற்றியமைப்புகள் அழகுக்காகத் தொடங்குவதில்லை என்பது. அடித்தள மென்பொருள் பழசாகிவிடும், ஒப்பந்தம் முடியும், இரண்டு நிறுவனங்கள் இணையும். எப்படியும் வீட்டை இடிக்கிறோம், முகப்பையும் மாற்றிவிடுவோம் என்று சேர்த்துக்கொள்வார்கள். அப்போது பொருள்களின் அடையாள எண்களும் பக்க முகவரிகளும் மாறினால், தேடுபொறி பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நினைவும் அவற்றோடு அறுந்துபோகும். 'ரப்பர்' என்று தட்டியவர்கள் கடைசியில் எந்தப் பொருளை வாங்கினார்கள் என்ற பாடம் பழைய எண்ணோடு கிடக்கிறது. புது எண்ணுக்கு அது தெரியாது. வாடிக்கையாளரின் கண்ணும் கடையின் தேடலும் ஒரே இரவில் கற்றதை மறக்கின்றன. புது வடிவம் வந்தால் தேடலும் கெடுகிறது என்று பலர் உணர்வது பிரமை அல்ல.

சரி, 'பழகிவிடும்' என்பது உண்மையா சாக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வடிவத்தை ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் சில மாதங்கள் விட்டுவைத்து இரு தரப்பையும் ஒப்பிடலாம். அடித்தளமே மாறும்போது இரண்டையும் ஓட்டுவது செலவு. அதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. கோஹாவியின் குழுவினர் சோதனை முடிவுகளை வாசிக்கும்போது வலியுறுத்தியது: பழைய ஆட்களையும் புதிய ஆட்களையும் பிரித்துப் பாருங்கள். பழையவர்கள் தடுமாறுவதில் பழக்கத்தின் பங்கு இருக்கும். முதன்முறையாக வருகிறவருக்கு இழக்கப் பழக்கம் எதுவும் இல்லை. அவரும் முன்பு வந்த புதியவர்களைவிட அதிகம் தேடி, குறைவாக வாங்கிவிட்டுப் போனால், மாதங்கள் கடந்தாலும் அது சரியாகப் போவதில்லை, பழுது வடிவத்தில்தான். இந்தப் பிரிப்புக்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரும் முதலில் வந்த தேதி கடையின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தளம் மாறும்போது அந்தப் பதிவேட்டையும் அழித்துவிட்டு, எல்லாரையும் மறுபடி பதிவு செய்யச் சொன்ன கடைகளுக்கு மட்டும் இந்த வழியும் அடைபட்டுவிடும்.